கைதுச் செய்தியும் தற்கொலைச் செய்தியும்: போதையையும் மனநலத்தையும் மாணவர்கள் பிரித்துப் பார்ப்பது ஏன்?

புதுச்சேரி, கடலூர் பக்கத்து நாளிதழ்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இரண்டு வகைச் செய்திகள் பழகியிருக்கும். ஒன்று, கஞ்சா பொட்டலத்துடன் கல்லூரி மாணவர்கள் சிக்கிய செய்தி. மற்றொன்று, விடுதி அறையில் மாணவர் தற்கொலை, மன அழுத்தம் காரணமா என்று போலீசார் விசாரணை என்னும் செய்தி. முதலாவதைப் படித்தால் கோபம் வருகிறது, இரண்டாவதைப் படித்தால் பரிதாபம் வருகிறது. பொட்டலத்துடன் சிக்கியவர் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இறந்துபோனவர் கடைசி ஆறு மாதம் எதைக் குடித்தார், எந்த மாத்திரையை விழுங்கினார் என்பதும் பெரும்பாலும் செய்தியில் வருவதில்லை.

மாணவர்களும் இதே பிரிவினையோடுதான் வளர்கிறார்கள். மனச்சோர்வு என்றால் நோய், போதை என்றால் ஒழுக்கக்கேடு. மருத்துவம் அப்படிப் பிரிப்பதில்லை, சட்டமும் இப்போது அப்படிப் பிரிப்பதில்லை. இந்த இடைவெளி எப்படி வந்தது, அதனால் யார் என்ன இழக்கிறார்கள் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## எதைப் பற்றிப் பேசுகிறோம்?

‘போதைக்கு அடிமை’ என்று செய்திகள் ஒரே வரியில் சொல்லிவிடும் விஷயத்தை, உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு (2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11-வது பதிப்பு) படிநிலைகளாகப் பிரிக்கிறது.

1. பயன்பாடு. எப்போதாவது குடிப்பது, புகைப்பது. ஆபத்து உண்டு என்றாலும் இது மட்டுமே நோய் ஆகாது.

2. தீங்கான பயன்பாடு. உடலுக்கோ மனதுக்கோ கூட இருப்பவர்களுக்கோ கெடுதல் வந்துவிட்ட பழக்கம். வண்டியோடு விழுவது, குடித்த மறுநாள் மனம் உடைந்து போவது எல்லாம் இதில் சேரும்.

3. சார்பு நிலை. இதற்கு மூன்று அடையாளங்கள்: எப்போது, எவ்வளவு என்பதில் கட்டுப்பாடு போய்விடுவது, படிப்பு, சாப்பாடு, நட்பு எல்லாவற்றையும் தாண்டி அதுவே முதலிடத்துக்கு வந்துவிடுவது, முன்பு போதுமாக இருந்த அளவு போதாமல் போவதும், நிறுத்தினால் உடம்பு நடுங்குவதும். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்வார்.

மனநலத்திலும் இப்படி அளவு உண்டு. தேர்வுக்கு முந்தைய நாள் பதற்றம் நோயல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் வெறிச்சோடிக் கிடந்து, பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய், தூக்கமும் பசியும் கவனமும் குலைந்து, அன்றாட வேலையே நின்றுபோனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும். மனநோய்களில் சுமார் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்குவதாக 2005-ல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வு காட்டியது. கல்லூரிக் காலம் முழுவதும் அந்த வயதுக்குள் அடங்கிவிடுகிறது. போதைப் பொருளை முதன்முதலாகத் தொட்டுப் பார்க்கும் வயதும் பெரும்பாலும் இதை ஒட்டியதே.

## எல்லைக்கு இந்தப் பக்கம் 21, அந்தப் பக்கம் 18

காலாப்பட்டில் 1985-ல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம், கோரிமேட்டில் ஜிப்மர், சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இடையில் கடலூர் பெரியார் கலைக் கல்லூரி, புதுவையைச் சுற்றித் தனியார் மருத்துவ, பொறியியல் கல்லூரிகள் என்று இந்தக் கடற்கரைப் பட்டையில் மாணவர் கூட்டம் அடர்த்தி. பல மாநிலத்துப் பிள்ளைகள் விடுதியில் இருக்கிறார்கள். கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் புதுவைக்குப் போய்ப் படித்து வருகிறவர்களும் நிறைய.

அப்படிப் போகிறவர், ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டி முள்ளோடைக்குள் நுழைந்ததும் வேறொரு மதுச் சட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறார். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும், புதுச்சேரியில் 18 போதும். விலையும் குறைவு. கடலூரில் சட்ட விரோதமாக இருந்த ஒரு செயல் சில நிமிடப் பயணத்தில் சட்டப்படி சரியாகிவிடுகிறது. ‘தப்பு ஒண்ணுமில்லையே, இங்க அலவ்டுதானே’ என்று 19 வயதுப் பையன் சொல்லும்போது, சட்டம் அனுமதிப்பதை உடம்பும் அனுமதிப்பதாக எடுத்துக்கொள்கிறான். மூளையின் முன்பகுதி, அதாவது ஆசையை நிறுத்தி யோசிக்க வைக்கும் பகுதி, இருபதுகளின் நடுவில்தான் முழுமையாக முதிர்கிறது. அதற்கு மாநில எல்லை தெரியாது.

இந்தப் பகுதி கவலைப்பட வேண்டிய இன்னொரு எண்ணும் உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், லட்சம் பேருக்குத் தற்கொலை விகிதம் நாட்டுக்கு 12.4, புதுச்சேரிக்கு 29.7. சிக்கிமுக்கும் அந்தமானுக்கும் அடுத்த மூன்றாவது இடம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 12.5 லட்சம் மக்களே இருந்த சிறிய பிரதேசம் என்பதால், சில மரணங்கள் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் பெரிதாக ஆடும் என்பது உண்மை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இரு மடங்குக்கு மேற்பட்ட இடைவெளியை ஒதுக்கிவிட முடியாது. அதே ஆண்டில் நாடு முழுவதும் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். இதில் எத்தனை பேரின் வாழ்க்கையில் மதுவோ வேறு பொருளோ இருந்தது என்று அந்தக் கணக்கில் பிரித்துச் சொல்லப்படவில்லை. தொடக்கத்தில் சொன்ன பிரிவினை அரசின் புள்ளிவிவரப் பட்டியலிலும் அப்படியே இருக்கிறது.

## மாணவர்கள் தவறாக எண்ணும் இரண்டு கணக்குகள்

மாணவர் பார்வையை அளக்கும் ஆய்வுகள் ‘நீ செய்கிறாயா?’ என்பதோடு ‘மற்றவர்கள் எவ்வளவு பேர் செய்வதாக நினைக்கிறாய்?’ என்றும் கேட்பது வழக்கம். விஷயம் பிடிபடுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

1. குடிப்பவர்களை அதிகமாக எண்ணுவது. அமெரிக்காவில் வெஸ்லி பெர்க்கின்ஸ், ஆலன் பெர்க்கோவிட்ஸ் என்ற இருவர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு வினோதத்தைக் காட்டியது. குடியைப் பற்றி மாணவர்கள் தனித்தனியே வைத்திருந்த கருத்து மிதமானது. ஆனால் ‘மற்ற மாணவர்கள்’ குடியைத் தாராளமாக ஆதரிப்பதாக ஏறக்குறைய எல்லோரும் நம்பினார்கள். பிறகு பல நாடுகளில், பல பொருள்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் இதே போக்கு தெரிந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை எந்த விடுதியிலும் பார்க்கலாம். சனிக்கிழமை இரவு சரக்கடித்துவிட்டு வராந்தாவில் கத்துகிற நால்வரை மாடி முழுக்கத் தெரியும். அதே இரவில் போர்வை போர்த்தித் தூங்கிய நாற்பது பேரைப் பற்றித் திங்கட்கிழமை மெஸ்ஸில் பேச ஒன்றுமில்லை. குடிக்காதவர், ‘பழம்’ என்று கிண்டல் செய்வார்களோ என்று வாயைத் திறப்பதில்லை. அவர் வாயைத் திறக்காததால், பக்கத்திலிருக்கும் இன்னொரு குடிக்காதவர் தானொருவன்தான் இப்படி என்று நினைக்கிறார். ‘எல்லாரும்தான்டா அடிக்கிறாங்க’ என்ற வாக்கியம் இப்படித்தான் பலம் பெறுகிறது.

உண்மைக் கணக்கு என்ன? எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் கடந்த ஓராண்டில் மது அருந்தியவர்கள் 14.6 சதவீதம். ஆண்களில் 27.3, பெண்களில் 1.6. கஞ்சா, பாங்கு வகைகள் எல்லாம் சேர்த்து 2.8. இது எல்லா வயதினருக்கான இந்தியக் கணக்கு, கல்லூரி மாணவருக்கானது அல்ல. ஆனாலும் ‘எல்லாரும்’ என்ற சொல் எவ்வளவு தூரம் பிசகியது என்று காட்ட இது போதும்.

வருத்தம் என்னவென்றால், நல்லெண்ணத்தோடு நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்களும் இந்தப் பொய்க் கணக்கைத்தான் வளர்க்கின்றன. ‘இன்றைய மாணவ சமுதாயம் போதையில் சீரழிகிறது’ என்று மேடையில் சொன்னால், கீழே உட்கார்ந்திருப்பவர் காதில் ‘உன் வயதுக்காரர்கள் எல்லாம் இதைச் செய்கிறார்கள்’ என்றுதான் விழும். மண்டையோட்டுப் படம் போட்ட பேனர், கை நீட்டி எடுக்கும் உறுதிமொழி, பேரணி, புகைப்படம் என்று முடிந்துவிடும் ஜூன் 26 (சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு நாள்) நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. அந்த நேரத்தில் பெயர் எழுதாத கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து, தங்கள் கல்லூரியின் உண்மைக் கணக்கை எடுத்து, மாணவர்களிடமே காட்டினால் பலன் உண்டு.

2. கஷ்டப்படுபவர்களைக் குறைவாக எண்ணுவது. இது முதல் தவறின் மறுபக்கம். இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, அரியர் பட்டியலைப் பார்த்து ஊருக்கே போகப் பயப்படுவது எல்லாம் அறைக்குள் நடக்கிறது. இன்ஸ்டாகிராமில் ராக் பீச் படமும் செரினிட்டி பீச் படமும்தான் வருகின்றன. ஆகவே, ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்ற முடிவுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே வருகிறார்கள்.

கூடவே இன்னொரு தவறும் சேர்கிறது. 2009-ல் டேனியல் ஐசன்பெர்க் குழுவினர் அமெரிக்காவின் 13 பல்கலைக்கழகங்களில் 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டபோது, மனநல சிகிச்சை பெறுபவரைத் தாங்களே இழிவாக நினைப்பதாகச் சொன்னவர்கள் குறைவு. ஊர் உலகம் இழிவாக நினைக்கும் என்று அஞ்சியவர்கள் மிக அதிகம். ‘நான் அப்படி நினைக்க மாட்டேன், மத்தவங்க நினைப்பாங்க’ என்று எல்லோருமே சொன்னால், அந்த மத்தவர்கள் யார்?

குடிப்பவர் எண்ணிக்கை மிகையாகவும் கஷ்டப்படுபவர் எண்ணிக்கை குறைவாகவும் தெரிகிற இடத்தில், குடிப்பது எளிது, உதவி கேட்பது கடினம். மாணவர் பார்வை பற்றிய ஆய்வுகள் சொல்வதில் முக்கியமானது இதுவே.

## எது போதை, எது போதையில்லை?

மாணவர் பேச்சில் ஒரு தரவரிசை இருக்கிறது. பீர் கணக்கிலேயே வராது. உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம் ‘சும்மா கிக்குக்கு’. கஞ்சா ‘இயற்கை’. வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் ‘மருந்துதானே’. ஊசியும் பவுடரும் மட்டுமே ‘டிரக்ஸ்’. ஆகவே ‘போதைப் பொருள் தவறா?’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று மனதார எழுதுகிற மாணவர், மாலையில் மது வாங்கப் போவதில் முரண்பாடு எதையும் உணர்வதில்லை. ‘போதையை மாணவர்கள் எதிர்க்கிறார்கள்’ என்று வரும் கருத்தாய்வுச் செய்தியைப் படிக்கும்போது, கேள்வி எந்தப் பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டது என்று முதலில் பாருங்கள்.

கஞ்சா பற்றிய வாதத்துக்கு மட்டும் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் மாணவர்கள் உண்மைத் தகவல்களோடு பேசுகிறார்கள். கனடா 2018-ல் சட்டபூர்வமாக்கியது, ஐ.நா. ஆணையம் 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது என்கிறார்கள். இரண்டும் சரி. விடுபட்டுப்போகும் பாதி இது: ஐ.நா. நீக்கியது 1961 போதைப்பொருள் உடன்படிக்கையின் நான்காம் பட்டியலிலிருந்து மட்டும், கட்டுப்பாட்டுக்குரிய பொருள்களின் முதல் பட்டியலில் கஞ்சா இன்னும் இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2020-ல் வாங்கும் வயதை 21-ஆக உயர்த்தியது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், தினமும் கஞ்சா புகைப்பவர்களுக்கு மனப்பிறழ்வு நோய் (எது நிஜம், எது பிரமை என்று தெரியாமல் போகும் நிலை) வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காகவும், வீரியம் கூடிய வகையைத் தினமும் புகைப்பவர்களுக்கு ஐந்து மடங்குக்கு நெருக்கமாகவும் இருந்தது. புகைக்கும் எல்லோருக்கும் அந்த நோய் வராது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால், சின்ன வயதில் தொடங்கினால், ஆபத்து கூடுகிறது. வீட்டில் மறைத்து வைத்த ‘சித்தப்பாவுக்கு ஒரு மாதிரி’ என்ற தகவல் மகனுக்கோ மகளுக்கோ தெரிந்திருக்க வேண்டியது இதனால்தான்.

## நிம்மதி என்று தோன்றுவது எது?

‘ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு, ஒரு தம் போட்டுட்டு வரேன்.’ சொல்பவர் பொய் சொல்லவில்லை. புகைத்ததும் அவருக்கு நிஜமாகவே பதற்றம் தணிகிறது. அந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

நிகோடின் ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பழகிய மூளைக்கு அது குறையக் குறைய எரிச்சல், அமைதியின்மை, கவனச் சிதறல். அடுத்த சிகரெட் அந்த எரிச்சலைத் தணிக்கிறது. அதாவது முந்தைய சிகரெட் வாங்கி வைத்த கடனை அடுத்த சிகரெட் அடைக்கிறது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. தேர்வுப் பயம் அப்படியே இருக்கிறது. புகையை விட்டவர்களுக்குச் சில வாரங்களில் பதற்றமும் சோர்வும் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாணவர்கள் நினைப்பதற்கு நேர் எதிர் இது.

மது வேறு வழியில் அதே இடத்துக்குக் கொண்டுவருகிறது. மூளையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது, விழிப்பூட்டும் வேதிப்பொருளை அடக்குகிறது. பயம் மறைகிறது, தூக்கம் சீக்கிரம் வருகிறது. ஆனால் சமநிலையைக் காக்க மூளை எதிர்த்திசையில் இழுக்கிறது. மது இறங்கியதும் அந்த இழுப்பு மட்டும் மிஞ்சும். பின்னிரவில் மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வருவதும், காலையில் காரணமில்லாத பயமும் இதன் விளைவு. சீக்கிரம் தூங்க வைத்தாலும் இரவின் பின்பாதித் தூக்கத்தை மது துண்டு துண்டாக்கிவிடும். மனச்சோர்வு உள்ளவருக்கு முதலில் வேண்டியது நல்ல தூக்கம். அதைத்தான் மது பறிக்கிறது. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது.

மாத்திரைகள் விஷயம் இன்னும் ஆபத்தானது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத வலி மாத்திரைகளும் பதற்ற மாத்திரைகளும் கைமாறுகின்றன. இவற்றை மதுவோடு சேர்த்தால் மூச்சே நின்றுபோகலாம். கூட இருக்கும் நண்பர்கள் ‘தூங்கட்டும் விடுடா’ என்று படுக்க வைத்துவிட்டுப் போவதுதான் பல உயிர்களை எடுக்கிறது. குறட்டை மாறி, உதடு நீலமாகி, எழுப்பினால் எழாதவரைப் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். வார்டனுக்குத் தெரிந்துவிடுமே என்று அந்த நிமிடத்தில் யோசிக்கக் கூடாது.

எது முதலில் வந்தது, மனச்சோர்வா குடியா? மூன்று விதமும் உண்டு. துயரத்தைத் தணிக்கக் குடிப்பவர்கள், குடியால் துயரத்துக்குப் போனவர்கள், குடும்ப மரபு, சிறுவயது அடி, ஏழ்மை போன்ற பொதுக் காரணத்தால் இரண்டுக்கும் ஆளானவர்கள். மருத்துவத்துக்கு இந்த வரிசை அவ்வளவு முக்கியமில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும் என்பதே முக்கியம். ‘முதல்ல குடியை விட்டுட்டு வா, அப்புறம் மனசைப் பார்ப்போம்’ என்று திருப்பி அனுப்பப்படுபவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

## சட்டம் என்ன சொல்கிறது?

மாணவர்களின் பயத்தில் பாதி சட்டத்தைப் பற்றியது. ‘டாக்டர்கிட்ட சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும்’ என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. படிப்படியாகப் பார்ப்போம்.

1. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி பயன்படுத்துவதே குற்றம். ஹெராயின், கொகைன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரையும், கஞ்சா போன்றவற்றுக்கு ஆறு மாதம் வரையும் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கஞ்சாவில் ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’, 20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’. வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை.

2. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு அதிகம் பேசப்படாதது. பழக்கத்துக்கு ஆளான ஒருவர், பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளானாலும், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அந்தக் குற்றத்துக்காக வழக்கைச் சந்திக்க வேண்டியதில்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். போதை ஒழிப்பு மன்றம் நடத்தும் ஒவ்வொரு கல்லூரியும் முதலில் சொல்லித்தர வேண்டிய பிரிவு இதுதான்.

3. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குத் தரும் விளக்கத்திலேயே மது, போதைப் பொருளால் வரும் மனநிலைகளையும் சேர்த்துக்கொள்கிறது. அதாவது, அப்படிப்பட்ட மாணவருக்குச் சிகிச்சை உரிமையும், தகவல் ரகசியம் காக்கப்படும் உரிமையும் சட்டப்படி உண்டு. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன.

4. அதே சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு போன்ற பொதுவான தண்டனைப் பிரிவு இல்லை. மருத்துவமனையில் போலீசுக்குத் தகவல் பதிவாகலாம். அதற்காகப் பிள்ளையைச் சேர்க்கத் தயங்க வேண்டியதில்லை.

5. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று, ஆந்திரத்தில் பயிற்சி மையத்தில் படித்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் கட்டுப்பாடுகளை விதித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் தெரியும்படி ஒட்டப்பட வேண்டும், ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும் என்பவை அவற்றில் சில.

## ஒரே வாசல்

சட்டம் இவ்வளவு இடம் கொடுத்தும் மாணவர் ஏன் வருவதில்லை? முன்பு சொன்ன எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, மதுச் சார்பு உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். கல்லூரிகளைப் பொறுத்தவரை, தண்டிக்கும் வாசலும் உதவும் வாசலும் ஒன்றாக இருப்பதே பெரிய தடை.

பல இடங்களில் ஆலோசகர் என்ற பொறுப்பை வகுப்பெடுக்கும் பேராசிரியருக்கே கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார்கள். அவரே ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலும் இருப்பார், அகமதிப்பெண்ணும் போடுவார். அவரிடம் போய் ‘சார், நாலு மாசமா குடிக்காம தூக்கம் வரல’ என்று எந்த மாணவர் சொல்வார்? சொன்னால் பெற்றோருக்கு போன், விடுதியிலிருந்து நீக்கம், கடைசியில் ‘டி.சி. வாங்கிட்டுப் போ’. மாணவியாக இருந்தால் இன்னும் கடுமை. குடித்தாள் என்ற ஒரு வரி அவள் படிப்போடு நிற்காது, கல்யாணப் பேச்சு வரை ஊரில் துரத்தும். அதனால் பெண்கள் மிகத் தாமதமாகவே வருகிறார்கள்.

பொட்டலம் விற்பவரைப் போலீசிடம் ஒப்படைப்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் உதவி தேடித் தானாக வருகிறவரையும், விற்றுப் பிடிபட்டவரையும் ஒரே விதியால் நடத்தும் கல்லூரி, முதலாமவரை இரண்டாமவரிடமே திருப்பி அனுப்புகிறது. மாணவர் கையேட்டில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருந்தால் நிலைமை மாறும்: தானாக வருகிறவர்மீது ஒழுங்கு நடவடிக்கை இல்லை, நண்பரை ஆபத்திலிருந்து காப்பாற்ற அழைத்தவர்மீதும் இல்லை, ஆலோசகரிடம் சொன்னது எந்தச் சூழலில் மட்டும் வெளியே போகும் என்ற பட்டியல். கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்கும் பெற்றோர் இதையும் கேட்கலாம்.

## யாரை அழைப்பது?

மூன்று எண்கள் ஒரே சுவரொட்டியில் வந்து குழப்புகின்றன. 14416 என்பது டெலி மானஸ், 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 14446 போதைப் பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை தரும் எண். 1933 போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் எண், முதன்மையாகக் கடத்தல், விற்பனை பற்றித் தகவல் கொடுப்பதற்கு. ‘எனக்கு உதவி வேண்டும்’ என்பவர் முதல் இரண்டில் ஒன்றை அழைத்தால் நேராக விஷயத்துக்கு வரலாம்.

நேரில் போக, ஜிப்மரிலும் கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியிலும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநல மருத்துவத் துறைகள் இருக்கின்றன. போதைப் பழக்கத்துக்கும் அங்கேதான் போக வேண்டும், தனியாக வேறு இடம் தேட வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது: பல மாதமாகத் தினமும் அதிகம் குடிப்பவர், அல்லது தினமும் பதற்ற மாத்திரை போடுபவர், உறுதிமொழி எடுத்த வேகத்தில் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. மதுவில், கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் நடுக்கமும் கூடி உயிரையே எடுக்கலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தினால் இது தடுக்கக்கூடியது.

இரண்டாவது: தனியார் மறுவாழ்வு மையங்கள். மனநலச் சட்டப்படி இவை மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெற்றோர் பணம் கட்டியதால் மட்டும் 20 வயது மகனை நாலு பேர் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஒருவரின் விருப்பமில்லாமல் சேர்க்க, அவருடைய நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் செயல்படச் சட்டப்படி குறிக்கப்பட்டவர்) விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு வல்லுநர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும், முதல்கட்டக் காலம் 30 நாளைத் தாண்டக் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டாத, பிள்ளையைப் பார்க்க விடாத மையத்தில் சேர்ப்பதைவிட அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பது மேல்.

விடுமுறையையும் மறந்துவிடக் கூடாது. கோரிமேட்டில் சிகிச்சை தொடங்கிய மாணவர் செமஸ்டர் முடிந்து பண்ருட்டிக்கோ விருத்தாசலத்துக்கோ போனதும் மருந்து தீர்ந்துபோய், வீட்டில் சொல்ல முடியாமல், எல்லாம் நின்றுவிடுகிறது. ஊருக்குப் புறப்படும் முன் மருத்துவரிடம் சிகிச்சைச் சுருக்கம் ஒன்று எழுதி வாங்கிக்கொண்டால், கடலூர் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அதைக் காட்டி அங்கிருந்தே தொடரலாம். அதே தாளைக் கல்லூரி திறந்ததும் மறுபடி கோரிமேட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.